பூங்காவைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? முதலில் வண்டியைப் பிடியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் கூடி, கையுறை மாட்டி, ஒரு பூங்காவை இரண்டு மணி நேரத்தில் பளிச்சென்று ஆக்கிவிடலாம். அதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. சிக்கலே அதற்கப்புறம்தான். கட்டிய மூட்டைகள் கேட் ஓரத்தில் கிடக்கும். அன்று இரவே நாய்கள் அவற்றைக் கிழித்து, அள்ளியதில் பாதியை மறுபடி உள்ளே இழுத்துப் போட்டுவிடும். அதனால்தான் இந்த வழிகாட்டி கடைசியிலிருந்து தொடங்குகிறது. மூட்டையை யார் எடுப்பார்கள்? எத்தனை மணிக்கு? சுவரில் உள்ள கிறுக்கலையும் போஸ்டரையும் அழிக்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சுவர் யார் பொறுப்பில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தேதி குறியுங்கள்.

சென்னை மாநகராட்சிப் பூங்காக்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கோவை, மதுரை, திருச்சி என்றால் அலுவலகங்களின் பெயர் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

பூங்கா யார் கையில் இருக்கிறது?

பெயர்ப்பலகையில் மாநகராட்சி என்று இருக்கும். அன்றாடம் பெருக்கித் தண்ணீர் ஊற்றுவது வேறு யாராவதாக இருக்கலாம். பல பூங்காக்களை ஒப்பந்ததாரர்கள் பராமரிக்கிறார்கள். சிலவற்றை நிறுவனங்களோ குடியிருப்போர் நலச்சங்கங்களோ தத்தெடுத்திருக்கின்றன. காவலாளியைக் கேட்டாலே தெரிந்துவிடும். அவரிடம் கேட்கும்போது இன்னும் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: குப்பை வண்டி இந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, பூங்காக் குப்பையை அது எடுக்கிறதா இல்லையா. வீட்டுக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டியும் பூங்காவின் காய்ந்த இலையை ஏற்றும் வண்டியும் பல இடங்களில் ஒன்றல்ல. "எங்க வண்டியில இதெல்லாம் ஏத்தக் கூடாதுங்க" என்று எட்டரை மணிக்கு ஒருவர் சொன்னால், அவர் மேல் தப்பில்லை.

சென்னையில் 200 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் பூங்கா எந்த வார்டு என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வார்டின் உதவிப் பொறியாளரையும் துப்புரவு ஆய்வாளரையும் பிடிக்க வேண்டும். யார் என்று தெரியவில்லையா? 1913 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் கேட்கலாம். அங்கே புகார் பதிவு செய்தால் ஒரு எண் தருவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேச்சு வரும்போது கைகொடுக்கும். கவுன்சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அவர் வந்து படம் எடுத்துக்கொள்வார் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எடுத்துக்கொள்ளட்டுமே, வண்டி நேரத்துக்கு வந்தால் சரி.

சும்மா ஒரு சுற்று

நாள் குறிப்பதற்கு முன் ஒரு நோட்டுடன் பூங்காவைச் சுற்றி வாருங்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இரண்டும் வேறு வேறு பூங்காக்கள். காலையில் நடைப்பயிற்சிக்காரர்களின் தண்ணீர் பாட்டிலும் டீ கப்பும். சாயங்காலம் சுண்டல் பொட்டலம், சிப்ஸ் கவர், ஐஸ்கிரீம் குச்சி. புதர் மறைவில் இரவுக் கூட்டம் விட்டுப்போன மது பாட்டில்கள்.

ஒரு பெஞ்சுக்குக் கீழே குனிந்து பாருங்கள். மேலோட்டமாகத் தெரிவது நாலு கப், ஒரு கவர். மண்ணை விரலால் கொஞ்சம் கிளறினால் கடலைத் தோலுக்கு நடுவே பாக்குப் பொட்டலத்தின் கிழிந்த மூலைகள், சோடா மூடிகள், சிகரெட் துண்டுகள் வரும். சிகரெட்டின் அந்தப் பஞ்சு பஞ்சே அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை. பெரிய சாமான்களைத் தினமும் யாராவது எடுத்துவிடுகிறார்கள். இந்தச் சின்னவைதான் வருடக்கணக்கில் மண்ணோடு சேர்ந்து கிடக்கின்றன. தன்னார்வலர்கள் நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்த மூலையில் என்ன வகைக் குப்பை, எந்தச் சுவரில் என்ன எழுத்து, தண்ணீர் தேங்கும் இடங்கள். சிரட்டை, கப், பழைய டயர் எதில் தண்ணீர் நின்றாலும் எழுதுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதுபோன்ற தெளிந்த நீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை துப்புரவு என்பது இந்த விஷயத்துக்குப் பயன்படாது. வாரம் ஒருமுறை இரண்டு பேர் சுற்றி வந்து கவிழ்த்துவிட்டால் போதும், அதற்குக் கூட்டம் வேண்டாம்.

கடிதம்

வாய்வழி அனுமதி அன்றைக்கு ஆள் மாறினால் போச்சு. உதவிப் பொறியாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். ___ ஆவது வார்டு, ___ தெருவில் உள்ள பூங்காவில் ___ தேதி ஞாயிறு காலை 6 மணி முதல் 8.30 மணி வரை, சுமார் 12 தன்னார்வலர்கள் குப்பை அகற்றவும், ___ தேதி நாலைந்து பேர் கிழக்குச் சுவரின் உள்பக்கத்தில் உள்ள கிறுக்கல்களை அழித்து அதே நிறத்தில் வண்ணம் பூசவும் அனுமதி வேண்டுகிறோம். மரம் வெட்டுதல், குழி தோண்டுதல், புதிய ஓவியம் வரைதல் எதுவும் செய்ய மாட்டோம். குப்பை அகற்றும் நாளில் தரம் பிரித்த மூட்டைகளை 8.30 மணிக்கு எடுத்துச் செல்ல வண்டி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். சுவரின் படங்களும் பொறுப்பாளர்களின் தொலைபேசி எண்களும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் அதிகம் வேலை செய்யும் வரி "செய்ய மாட்டோம்" என்பதுதான். நாளைக்கே ஒருவர் வந்து "அந்தக் கிளையை யார் வெட்டச் சொன்னது" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த அதிகாரி. அவருடைய பயத்தைக் கடிதமே தீர்த்துவிட்டால் கையெழுத்து சீக்கிரம் விழும்.

ஆட்கள்

சாதாரண வார்டுப் பூங்காவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் தாராளம். ஐம்பது பேர் வந்தால் முக்கால்வாசிப் பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், குடித்த தண்ணீர் பாட்டிலே ஒரு மூட்டை தேறும். தினமும் அங்கே நடக்க வருபவர்களை முதலில் கேளுங்கள். அடுத்து பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். அந்த மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதனால் உங்கள் அழைப்பை மறுக்க மாட்டார்கள். வந்தவர்களை மண் கிளற மட்டும் நிறுத்தாமல், எந்த மூலையில் எந்தக் குப்பை எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதும் பொறுப்பையும் கொடுங்கள். இளைஞர்களுக்கு அது பிடிக்கும்.

விட்டுவிடக் கூடாதவர்கள் அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள். முந்தின நாளே போய்ப் பேசுங்கள். "அக்கா, நாளைக்கு நாங்க வர்றோம், எந்தப் பக்கம் உங்களுக்கு ரொம்பத் தொல்லை?" என்று கேட்டால், நீங்கள் நோட்டில் எழுதாத நாலு இடத்தை அவர்கள் காட்டுவார்கள். அவர்கள் செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்ற தொனி எங்கேயும் வந்துவிடக் கூடாது. பாட்டில், அட்டை போன்றவற்றைக் காயலான் கடையில் போட்டுச் சங்கத்துக்கு நிதி சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். பல இடங்களில் அந்தச் சில்லறை வருமானம் பணியாளர்களுடையது.

சாமான்கள்

கறுப்புப் பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, குச்சி பட்டாலே கிழியும். பழைய அரிசிச் சாக்கு, சிமெண்ட் சாக்கு போதும். கண்ணாடிக்கு மட்டும் காலியான பெயிண்ட் வாளி. ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூசிய தடித்த கையுறை (மருத்துவமனைக் கையுறை இதற்கு உதவாது), நீண்ட இடுக்கி நாலைந்து, தென்னந்துடைப்பம், இலை வாரும் வாருகோல், சோப்பு, முதலுதவிப் பெட்டி. செருப்பு போட்டு வருபவர்களை நடைபாதைப் பக்கம் மட்டும் அனுப்புங்கள். குடிக்க ஒரு கேன் தண்ணீரும் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களும் கொண்டு வரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. அதில் டீ குடித்துக்கொண்டே அதைப் பொறுக்குவது நன்றாக இருக்காது.

அள்ளும் நாள்

காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் எட்டுக்கே. பூங்காவை நாலு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு மூன்று பேர்: ஒருவர் மக்கும் சாக்கு, ஒருவர் மக்காத சாக்கு, ஒருவர் கண்ணாடி வாளியும் நோட்டும். எடுக்கும்போதே பிரிப்பதுதான் சுலபம். மொத்தமாக அள்ளிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து பிரிப்போம் என்றால் அதை யாரும் செய்வதில்லை. கலந்த மூட்டை நேராகப் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோதான் போகும். அந்த இரண்டு மேடுகளிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்ததைத் தோண்டிப் பிரிக்கவே மாநகராட்சி பெருஞ்செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

காய்ந்த இலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது குப்பை இல்லை. நடைபாதையிலும் வடிகால் வாயிலும் கிடப்பதை மட்டும் வாருங்கள். மரத்தடியில் இருப்பதை மூடாக்காக அப்படியே விடலாம். வாரியதை உரக்குழி இருந்தால் அதில் போடுங்கள், இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றிப் பரப்புங்கள், அடிமரத்தை மட்டும் ஒட்டாமல். சுத்தம் என்றால் மண் தரை மொட்டையாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் எல்லாப் பூங்காவிலும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுடன் வாதாட வேண்டாம், வாருகோலை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சாக்கை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். வண்டியில் தூக்கிப் போடப் போவது நீங்கள் அல்ல.

சில விஷயங்களைக் கையால் தொடவே கூடாது. ஊசி கிடந்தால் மூடி போட முயலாதீர்கள். இடுக்கியால் எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி, மேலே "ஊசி" என்று எழுதித் துப்புரவு ஆய்வாளரிடம் நேரில் கொடுங்கள். இலைக் குவியல், கல் இடுக்கு, குழாய்த் தொட்டி இவற்றில் முதலில் குச்சி, பிறகு கை. பூரானும் தேளும் சென்னைக்குள்ளேயே ஏராளம், பாம்பும் வரலாம். குட்டி போட்ட நாய் இருக்கும் மூலையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. கடி சின்னதாக இருந்தாலும் தடுப்பூசி வேண்டும். கண்ணாடியோ துருப்பிடித்த தகரமோ கிழித்தால் டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மது பாட்டில்கள் முழுசாக இருந்தால் தனியாக அடுக்குங்கள். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. உங்கள் பகுதிக் கடையில் வாங்குகிறார்கள் என்றால் அந்த பாட்டில்களையும் பணியாளர்களிடமே கொடுத்துவிடலாம்.

சுவர்

குப்பையை விட இதற்கு நிதானம் வேண்டும். அள்ளும் நாளிலேயே இதையும் செய்யாதீர்கள், வேறு நாள், வேறு ஆட்கள், நாலைந்து பேர் போதும். சுண்ணாம்போ பெயிண்டோ பூச ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரச்சுவரில் பூசினால் பொங்கலுக்குள் பொரிந்துவிடும்.

முதலில் எதை அழிக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். பொது இடங்களை விளம்பரங்களால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்காக எந்த எழுத்தையும் நீங்களே அழித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. கட்சி விளம்பரத்தையும் தலைவர் படத்தையும் மாநகராட்சி ஆட்களிடம் விட்டுவிடுங்கள். வீண் சண்டை வரும். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் பொதுச்சுவர்களில் இருப்பதை அதிகாரிகளே அழிப்பார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுங்கள், அந்த வீட்டுக்காரர்கள் அதே தெருவில்தான் இருப்பார்கள். சாதிப் பெயரை இழுத்து எழுதியது, மிரட்டல் போன்றவை இருந்தால் முதலில் படம் எடுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், பிறகு அழியுங்கள். கழிப்பறைச் சுவரில் ஒரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் இருந்தால் அனுமதிக் கடிதம், வண்டி எதற்கும் காத்திராமல் பார்த்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

போஸ்டர்கள். காய்ந்த போஸ்டரை நகத்தால் பிய்த்தால் மேல் தாள் மட்டும் கிழிந்து வரும், வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். மைதா பசைதான் அது, வெந்நீருக்குக் கரையும். வாளியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பழைய துணியால் மேலிருந்து கீழே ஒற்றி ஒற்றி நனையுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். மறுபடி நனையுங்கள். தாள் உப்பிச் சுவரை விட்டு எழும்பும்போது பெயிண்டர்கள் வைத்திருக்கும் பட்டித் தகட்டைச் சாய்வாக அடியில் கொடுத்துத் தள்ளினால் கனமான பட்டையாகச் சுருண்டு வரும். சினிமா போஸ்டருக்குக் கீழே டியூஷன் விளம்பரம், அதற்குக் கீழே பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து என்று ஐந்தாறு அடுக்கு ஒட்டிக்கொண்டே வரும், தெருவின் பழைய நாட்காட்டியே கையில் இருக்கும். கடைசியில் பசையைத் தேய்த்துக் கழுவாமல் விட்டால் அதன் மேல் பூசும் பெயிண்ட் நிற்காது.

கரி, சாக்பீஸ் எழுத்துக்குத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். மார்க்கர், ஸ்பிரே பெயிண்டுக்குத்தான் யோசனை வேண்டும். எப்போதும் மென்மையானதில் தொடங்குங்கள்: சோப்புத் தண்ணீர், போகாவிட்டால் சானிடைசர் (அதில் உள்ள ஆல்கஹால் மார்க்கர் மையைக் கரைக்கும்), அதற்கும் போகாவிட்டால் தின்னர். கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டே பெரிய இடத்தில் வையுங்கள். எழுத்தின் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கித் துடைத்தால் மை பரவாது. குழந்தைகளின் சறுக்குமரம் போன்ற பிளாஸ்டிக் சாமான்களில் தின்னர் கூடாது, மங்கிப் பிசுபிசுத்துப் போகும். சானிடைசரோடு நிறுத்திக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். சிமெண்டை அரிக்கும், கிரானைட் பாலிஷைக் கெடுக்கும். அதோடு பூங்காவில் பிளீச்சிங் பவுடர் தெளித்திருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். இதில் விளையாட்டே கூடாது.

பூசாத சிமெண்ட் சுவரில் ஸ்பிரே பெயிண்ட் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும், தேய்ப்பது வீண் வேலை. மேலே பூசிவிடுவதே வழி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட் பிரைமர் கொடுங்கள். பிரைமர் இல்லாமல் பூசினால் சிவப்பும் கறுப்பும் ஒரு வாரத்தில் மேலே ஊறித் தெரியும். காய்ந்த பிறகு எமல்ஷன் இரண்டு கோட். கரடான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று கணக்கு வைத்து வாங்கலாம். நிறம் பொருந்த, பெயர்ந்து நிற்கும் பழைய பெயிண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சில்லு எடுத்துக் கடையில் கொடுத்தால் மெஷினில் கலந்து தருவார்கள். எழுத்து இருந்த இடத்தை மட்டும் சதுரமாகப் பூசிவிட்டு வராதீர்கள். அந்தச் சதுரம் அடுத்தவருக்கு எழுதுபலகை. ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை முழுசாகப் பூசினால்தான் சுவர் பூசின மாதிரி இருக்கும். இரும்புக் கிராதி என்றால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் எனாமல்.

சாமி படம் ஒட்டலாமே, யாரும் அசிங்கம் பண்ண மாட்டார்கள் என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் அங்கே இல்லாதது கழிப்பறை, சாமி அல்ல. சுவரோவியமும் அழகுதான், ஆனால் அதற்குத் தனி அனுமதி, ஓவியர், பராமரிப்பு என்று வேறு கணக்கு. முதல் முயற்சியில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மரத்தில் கீறிய பெயர்களை ஒன்றும் செய்யாதீர்கள். சிமெண்ட், பெயிண்ட், மஞ்சள் என்று எதையும் பூச வேண்டியதில்லை, மரம் தானே மூடிக்கொள்ளும். கத்தாழை மடலில் அம்பு விட்ட இதயமும் இரண்டு முதலெழுத்தும் இருந்தால் மடல் காயும்வரை இருந்துவிட்டுப் போகட்டும். ஆணி வேறு விஷயம். விளம்பரப் பலகையைக் கழற்றிவிட்டு, சுத்தியலின் கொக்கிப் பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து ஆணியை நேராக இழுங்கள், பட்டை நசுங்காது. பட்டை மூடி உள்ளே போய்விட்ட ஆணியைத் தோண்ட வேண்டாம்.

வண்டி வந்த பிறகு

8.30க்கு வண்டி வரவில்லை என்றால் துப்புரவு ஆய்வாளருக்கு ஒரு போன், 1913இல் ஒரு பதிவு. வண்டி வந்து கடைசி மூட்டை ஏறும்வரை இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும். யார் அந்த இருவர் என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் டிபனுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அப்புறம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். மேற்கு வாசல் பக்கம் மட்டும் டீ கப் குவிந்திருந்தால் எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் போய்ப் பேசலாம். கண்ணாடி கிளாஸில் குடித்துவிட்டுப் போகச் சொல்லவும், கடை வாசலில் ஒரு தொட்டி வைக்கவும் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். குழந்தைகள் பகுதியில் சிப்ஸ் கவர் அதிகம் என்றால் அங்கே தொட்டி இல்லை என்று அர்த்தம். எண்ணிக்கையோடு உதவிப் பொறியாளருக்கு இரண்டாவது கடிதம் எழுதுங்கள். "பூங்கா அசுத்தமாக உள்ளது" என்பதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. "ஊஞ்சல் அருகே தொட்டி இல்லை, ஒரே காலையில் இத்தனை கவர் எடுத்தோம்" என்றால் தொட்டி வைக்கலாம். புதரடி பாட்டில்களுக்கு எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.

சாமான்களைக் கழுவி, காவலாளியின் அறையில் ஒரு மூலை கேட்டு வையுங்கள். மீந்த பெயிண்டை இறுக்கி மூடி, டப்பா மேல் நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி அங்கேயே விட்டுவிடுங்கள். சுவரில் புதிதாக ஏதாவது எழுதியதாகக் காவலாளி போன் செய்தால், ஒரு ரோலரோடு போய் அன்றைக்கே பூசிவிட அது உதவும்.